நெய்யூர் மருத்துவர் கண்ட பனிச்சரிவு

நம் காஞ்சிபுரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான். கதிரவன் எழுந்ததும் அதுவும் மறைந்துவிடும். பனி திரண்டு சரிந்து மனிதரைக் கொல்வதை நாம் நூல்களில்தான் அறிகிறோம். எனினும், அதைக் கண்ணாரக் கண்ட ஒருவர் நம் தமிழகத்தில் நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் டாக்டர் ஹோவர்டு சாமர்வெல். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகவும், பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகவும் தொண்டு செய்தவர்.

நெய்யூருக்கு வருமுன், 1922-இல் எவரெஸ்ட் ஏற முயன்ற ஆங்கிலேயக் குழுவில் அவர் இடம் பெற்றிருந்தார். இரு முயற்சிகள் தோற்றன. ஜூன் தொடக்கத்தில் பெரும் பனி பொழிந்தது. வானம் தெளிந்ததும் மூன்றாம் முயற்சி தொடங்கிற்று. ஜூன் 7-ஆம் நாள் மல்லோரி, சாமர்வெல், கிராஃபோர்டு ஆகிய மூவரும், சுமை தூக்குவோர் 14 பேரும் வடக்குக் கணவாய்ச் சாய்வில் ஏறினர். மல்லோரி பள்ளி ஆசிரியராக இருந்தவர், மலையேற்றத்தில் தேர்ந்தவர். பனியை மிதித்துச் சோதித்தார், அது அசையவில்லை, மேலே சென்றார். பிற்பகலில் வெடி வெடித்தாற்போல் ஓர் ஓசை. காலடிப் பனி நகர்ந்தது. பின்னால் வந்த 9 பேர் விளிம்பைத் தாண்டிப் பனிப் பிளவில் வீழ்ந்தனர். இருவரே உயிருடன் மீட்கப்பட்டனர்.

மாண்ட எழுவரும் சுமை தூக்கியோர். அச்சாய்வில் மேலே செல்லலாம் என்று முடிவு செய்த மூவரும் பிழைத்தனர். இந்த வேறுபாடு சாமர்வெல்லின் உள்ளத்தை மிகவும் வருத்திற்று. எவரெஸ்ட் கதையைச் சொல்வோர் பலர் இந்த எழுவரை விரைந்து கடந்துவிடுவது எனக்கு உடன்பாடன்று.

மிதித்தபோது அசையாத பனி பிறகு ஏன் அசைந்தது? வகுப்பில் என் மாணவர்கள் கேட்ட கேள்வி இது. நம் ஊர்ப் பட்டுச் சேலைகளைப் பலகையொன்றில் அடுக்கி, ஒரு முனையை மெல்ல உயர்த்திப் பாருங்கள். ஓரளவு வரை எதுவும் நகராது. பிறகு மேலடுக்கு மொத்தமும் ஒருசேர வழுக்கும். பனியும் அடுக்கடுக்காகவே படிகிறது. பழைய அடுக்கைப் புதியது நன்கு பற்றாதபோது, ஓர் ஆளின் எடையே அதை அறுத்துவிடப் போதும். ஓரிடத்தில் உறுதியாக இருப்பது சற்று அப்பால் உறுதியாக இராது.

30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளே இதற்குப் பெரிதும் இடந்தருவன. பனிச்சறுக்கு வீரர்கள் விரும்புவனவும் அவையே! குல்மார்க்கின் அபர்வத் மலையில் சறுக்கச் செல்வோர் ஆயினும், ஆல்ப்ஸ் மலைக்குச் செல்வோர் ஆயினும், பனிச்சரிவில் சிக்குவோர் பெரும்பாலும் தாமோ தம் தோழரோ கிளப்பிய சரிவிலேயே சிக்குகின்றனர். ஆகவே, பெரும் பனி பொழிந்தவுடன் செங்குத்துச் சாய்வுகளைத் தவிர்ப்பர். கடக்க நேர்ந்தால் ஒருவர் பின் ஒருவராகவே கடப்பர். ஏனையோர் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்திருப்பர். 1922-இல் சாய்வில் ஒரே நேரத்தில் 17 பேர் இருந்தனர்.

இரண்டாண்டு கழித்து, 1924 மே மாதம், அதே கணவாயில் சுமை தூக்குவோர் நால்வர் கடும்பனியில் சிக்கிக்கொண்டனர். தலைவர் நார்ட்டன் சிகர முயற்சியை ஒத்திவைத்தார். நார்ட்டனும் மல்லோரியும் கயிற்றைப் பிடித்து நிற்க, சாமர்வெல் ஒருவரே சாய்வைக் கடந்தார். கயிற்றின் நீளம் சில கஜம் போதவில்லை. இருவர் நடந்து வந்து சேர்ந்தனர். மற்ற இருவர் வழுக்கிச் சற்றுக் கீழே நின்றனர். சாமர்வெல் தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, பனிக்கோடரியை ஊன்றி அதில் சுற்றி, அதன் நுனியை ஒரு கையில் பற்றியவாறு மறுகையை நீட்டினார். ஒருவர்பின் ஒருவராக அவ்விருவரையும் இழுத்து மேலேற்றினார். நால்வரும் உயிருடன் இறங்கினர்.