கப்பலுக்கு அடிப்பாரமான பரங்கிப்பேட்டை இரும்பு

1690-ல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அந்தப் பத்திரத்தில் ஒரு விசித்திர ஷரத்து: கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரைக்கும் நிலம் கம்பெனிக்கு. சும்மா விடுவார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்துச் சுட்டார்கள். வளைத்துப் போட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நின்றுவிட்டது.

கம்பெனி கண் வைத்திருந்தது இந்தக் கரையின் துணிமேல். அன்று உலகச் சந்தைக்கே துணி நெய்து அனுப்பிய கரைகளில் இது ஒன்று. ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பலில் முக்கியச் சரக்கு வெள்ளிதான். அதற்குச் சில பெட்டிகள் போதும். ஆக, வரும்போது பாதி காலி, போகும்போது நிறைபாரம். கடலூரில் கப்பல் கரையை அண்ட முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். துணிப் பொதிகளைச் சலங்கில் ஏற்றி, அலையில் நனையாமல் கொண்டு சேர்க்க வேண்டும். துணி இடத்தை அடைக்குமே தவிர எடை போதாது. கப்பல் சாயாமலிருக்க அடியில் வெடியுப்பையும் செம்மரத்தையும் போட்டார்கள்.

லங்காஷயரில் நூற்பாலைகள் பெருகியதும் எல்லாம் தலைகீழானது. 1813-ல் இந்திய வணிகத்தில் கம்பெனியின் ஏகபோகத்தை லண்டன் நாடாளுமன்றம் ஒழித்தது. தனியார் கப்பல்கள் புகுந்தன, சரக்குக் கூலி சரிந்தது, மான்செஸ்டர் துணி இந்தக் கரைக்கே வந்து இறங்கியது. நெசவாளி வயிற்றில் அடித்த அந்தக் கப்பல்களுக்கும் திரும்பும்போது ஏதாவது சரக்கு வேண்டும். பஞ்சும் அவுரி நீலமும் கிடைத்தன. அடிப்பாரத்துக்கு?

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்திலுள்ள பரங்கிப்பேட்டையில் 1830-ல் உலை மூட்டினார் ஜோசையா மார்ஷல் ஹீத், கம்பெனி வேலையை விட்டு வந்தவர். சேலத்துத் தாது பரிசல்களில் கொள்ளிடம் வழியே வந்தது, எரிக்க மரக்கரி. கம்பெனி அரசே கடன் கொடுத்துத் தாங்கியது. ஷெஃபீல்டு எஃகுக்காரர்கள் ஸ்வீடன் இரும்புக்கு அதிக விலை கொடுத்துக்கொண்டிருந்த காலம். அத்தனை கடல் தாண்டி ஸ்வீடன்காரர்களோடு போட்டியிட முடியும் என்று ஹீத் நம்பியதை நான் அசட்டுத் துணிச்சல் என்று சொல்லமாட்டேன். ஊர் திரும்பும் கப்பலுக்கு இரும்புப் பாளத்தைவிடத் தோதான அடிப்பாரம் ஏது? அப்படிப்பட்ட சரக்குக்கு மலிவுக் கூலி கேட்டு வாங்கலாம்.

இந்த இரும்பு வேல்ஸில் பிரிட்டானியா பாலத்துக்கும் மெனாய் தொங்குபாலத்துக்கும் போனதாகப் பலரும் எழுதுகிறார்கள். முன்னது 1850-ல் திறந்தது, சரி. பின்னது திறந்ததோ 1826-ல். பரங்கிப்பேட்டையில் அப்போது உலையே இல்லை!

எங்கோ ஒரு தேசம் ஆலைகளாகப் பெருகினால் உலகக் கப்பல் வாடகையே ஆடிப்போகும் என்பதை நம் தலைமுறையும் பார்த்தது. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வளர்ந்த சீனா, ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் இந்தியாவிலும் இரும்புத் தாதை அள்ளியது. கப்பல் வாடகையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் பால்டிக் உலர்சரக்குக் குறியீடு 2008 மே 20-ல் 11,793-ஐத் தொட்டது. பெரிய தாதுக் கப்பலுக்கு ஒரு நாள் வாடகை 2 லட்சம் டாலரைத் தாண்டியது. புதுக் கப்பல் கட்டச் சொல்லி எல்லோரும் முண்டியடித்தார்கள். அமெரிக்க வங்கிகள் சரிந்தன. டிசம்பரில் குறியீடு 663.

ஹீத்தைக் கவிழ்த்தது கப்பல் கூலியல்ல. உலைக்கு மரக்கரி கட்டுப்படியாகவில்லை. எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார்; ஷெஃபீல்டுக்காரர்கள் செய்முறையைக் கொஞ்சம் மாற்றிப் பணம் தராமல் நழுவினார்கள். வழக்கு முடியுமுன் 1851-ல் அவர் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. 1853-ல் தோன்றிய புதுக் கம்பெனியாலும் பரங்கிப்பேட்டை உலையை நெடுநாள் காப்பாற்ற முடியவில்லை. உலைக்கு இரையான காடுகளின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)