நிக்கல்-78: பெயர் வாங்க 47 மீட்டர்

டோக்கியோவை ஒட்டிய வாகோ நகரில், ரிக்கென் ஆய்வுக்கூடத்தில், 8,300 டன் எடையுள்ள மீகடத்திச் சைக்ளோட்ரான் ஒன்று இருக்கிறது. யுரேனியம்-238 அணுக்கருக்களை ஒளிவேகத்தில் ஏறக்குறைய 70 சதவீதம்வரை விரட்டி, பெரிலியத் தகட்டில் மோதவிடுவது அதன் வேலை. மோதிய யுரேனியம் பிளக்கும். எண்ணற்ற பிளவுகளில் எப்போதாவது ஒன்றில், 28 புரோட்டானும் 50 நியூட்ரானும் கொண்ட துண்டு தெறிக்கும். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் இருக்கும் நிக்கலில் பெரும்பகுதிக்கு நியூட்ரான் 30தான். இதற்கு இருபது கூடுதல்.

பிறந்தாயிற்று, ஆனால் யாரென்று தெரியாது. கூடவே பிறந்த நூற்றுக்கணக்கான வகைத் துண்டுகளும் அதே குழாயில் ஓடுகின்றன. 2007 முதல் இயங்கும் பிக்ரிப்ஸ் என்ற 78 மீட்டர் நீளப் பிரிப்பான்தான் அவற்றைத் தரம் பிரிக்கிறது. காந்தத்தில் எவ்வளவு வளைந்தது, வாயு அறையில் எவ்வளவு ஆற்றலை இழந்தது, 47 மீட்டர் இடைவெளியைக் கடக்க எவ்வளவு நேரம் எடுத்தது: இந்த மூன்றும் கிடைத்தால் புரோட்டான் எண்ணிக்கையும், நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதமும் தெரிந்துவிடும்.

சிக்கல் அந்த விகிதத்தில்தான். நிக்கல்-78க்கு அது 2.786. நிக்கல்-75 ஓர் எலக்ட்ரானை உதறாமல் ஒட்டவைத்துக்கொண்டு வந்தால் அதற்கு 2.778. புரோட்டான் எண்ணிக்கையும் ஒன்றே. ஓட்டம் மொத்தமே சுமார் 260 நானோவினாடி; அதில் இந்த இரண்டும் வந்துசேரும் வித்தியாசம் அரை நானோவினாடிக்கும் குறைவு. நிக்கல்-75 பிறப்பதோ மிக அதிகம். 1995இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் நிக்கல்-78ஐ முதன்முதலில் இனங்கண்டபோது சிக்கியவை மொத்தம் மூன்றே மூன்று. அதில் ஒன்று ஆள்மாறாட்டம் என்றால் என்ன மிஞ்சும்?

ஆகவே என் கணக்கில் இந்தக் கதையின் நாயகன் அந்த ராட்சதக் காந்தம் அல்ல. ஓட்டப்பாதையின் இரு முனையிலும் நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு. துகள் துளைத்துப்போனால் அது மின்னும். இடமும் வலமும் உள்ள ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அந்த மின்னலைப் பிடிக்கின்றன. துகள் இடப்பக்கம் தள்ளி விழுந்தால் இடக்குழாய் முந்தும், வலக்குழாய் பிந்தும். இரண்டின் சராசரியோ மாறாது. மங்கிய மின்னல் தாமதமாக வந்ததுபோல் ஏமாற்றும். அந்தப் பிழையையும் கழித்தாக வேண்டும். இத்தனையும் செய்து எட்டிய துல்லியம் சுமார் 40 பிக்கோவினாடி. அந்த நேரத்தில் நம் அணுக்கரு 7 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும்.

இன்னும் கூர்மையாக்க வேண்டுமென்றால் ஒளி கூட வேண்டும்; ஒளி கூடத் தகடு தடிக்க வேண்டும்; தடித்தால் துகளின் வேகம் குறைகிறது, திசை சிதறுகிறது, சில வேளை துகளே உடைகிறது. போதாததற்கு, கதிர்வீச்சில் பிளாஸ்டிக் நாளடைவில் ஒளி மங்குகிறது. செயற்கை வைரத் தகடு இந்த அடியைத் தாங்கும், வேகமும் உண்டு. பெரிய பரப்பில் செய்வதுதான் பாடு. 2022இல் திறந்த அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக முடுக்கி 400 கிலோவாட் கற்றையைக் குறிவைத்துக் கட்டப்பட்டது. கற்றை வலுக்க வலுக்க, நேரம் பார்க்கும் இந்தத் தகடுகளின் மேல்தான் சுமை ஏறும்.

பெயர் கிடைத்த நிக்கல்-78, கடைசியில் சிலிக்கான் அடுக்கில் புதைந்து நிற்கிறது. 2014இல் வெளியான அளவீட்டின்படி அதன் அரைவாழ்வு 122 மில்லிவினாடி; அந்த 47 மீட்டர் ஓட்ட நேரத்தைப்போல ஏறக்குறைய ஐந்து லட்சம் மடங்கு. பிறகு அது தாமிரமாகிறது, துத்தநாகமாகிறது, காலியம், ஜெர்மானியம், ஆர்செனிக் என்று படியிறங்குகிறது. வழியில் நியூட்ரான் எதையும் உதிர்க்காவிட்டால், சில மணி நேரத்தில் செலினியம்-78 ஆகி நின்றுவிடும். அது சாதாரண மண்ணிலும் இருப்பது.