மூக்கு வனைந்த குலாலர்

மண் பிசைந்து கலம் வனைதல் நம் குலத்தொழில் என்பதை யாவரும் அறிவர். அம்மரபிற் பிறந்த ஒருவர், போரில் உறுப்பிழந்த ஒருவனுக்குப் புதுமூக்கு வனைந்தளித்து ஐரோப்பிய வைத்தியரை வியக்கச் செய்தார் என்பதை நம்மவருட் பலர் அறியார். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1790 முதல் 1792 வரை ஆங்கிலக் கும்பினியாருக்கும் மைசூர்த் திப்பு சுல்தானுக்கும் மூன்றாம் மைசூர்ப் போர் நிகழ்ந்தது. அக்காலத்துப் படை துப்பாக்கி ஏந்தினாரால் மட்டும் இயங்கியதன்று. தானியமும் வெடிமருந்தும் எருதுகளின்மேற் சென்றன. எருதோட்டிகள் நின்றால் படையும் நின்றுவிடும். மராட்டிய நாட்டு உழவர் மரபினனாகிய காவஸ்ஜி என்பான் கும்பினிப் படைக்கு எருதோட்டியாய் ஊழியஞ் செய்தவன். அவன் திப்புவின் படையாரிடம் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பெற்றான். அந்நிலையிலேயே சீரங்கப்பட்டணத்தருகே பம்பாய்ப் படையை வந்தடைந்தான். கும்பினியார் அவனுக்கு உபகாரச் சம்பளம் அளித்தனர்.

சம்பளம் வயிற்றை நிரப்பும், முகத்தைத் தருமோ? "மூக்கறுபட்டான்" என்பதே நம் மொழியிற் பெரும் அவமானத்தைக் குறிக்குஞ் சொல்லன்றோ! கையிழந்தானைக் கண்டு உலகம் இரங்கும். மூக்கிழந்தானையோ குற்றவாளியோ என்று ஐயுறும். ஓராண்டளவு அவன் அக்கோலத்துடனே காலங்கழித்தான்.

கும்பினியாரிடத்தில் இரண வைத்தியர் இருந்தனர். குண்டை எடுப்பதிலும், அழுகிய உறுப்பை அரிந்து தள்ளுவதிலும் அவர்கள் பழகியவர்கள். அறுந்த மூக்கை மீட்டு அமைக்கும் வித்தை அவர்களிடத்து இல்லை. இத்தாலி நாட்டில் தாலியாகோட்ஸி என்பார் கைத்தோலைக்கொண்டு மூக்கமைக்கும் முறையை 1597-இல் நூலாக வெளியிட்டிருந்தும், பின்னர் அம்முறை ஐரோப்பாவில் வழக்கொழிந்தது. ஆதலின் காவஸ்ஜி, புனா நகருக்கு அண்மையில் இருந்த ஒருவரை நாடினான். அவர் செங்கல் அறுக்கும் சாதியினர் என்று முதலில் வெளிவந்த கடிதம் கூறும்; அத்தொழிலைச் செய்வோர் குயவர் என்று பின்வந்த ஆங்கில நூல் கூறும். சூளை வைக்கும் நம் மரபினரே அவர் என்பது தெளிவு.

அவர் செய்த முறை வருமாறு: மெழுகைத் தகடாக்கி, அறுந்த மூக்கின்மேற் பொருத்தி, வேண்டும் வடிவத்தை முதலில் அமைத்தார். பின்பு அத்தகட்டைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடிட்டார். அக்கோட்டின்வழியே தோலை உரித்தெடுத்து, இரு கண்களுக்கும் இடையே ஒரு சிறு துண்டு மட்டும் அறாதிருக்க விட்டார். அத்துண்டின் வழியாக இரத்தம் ஓடுவதாற்றான் தோல் உயிரோடிருக்கும். பழைய தழும்பைச் சீவிப் புதுப்புண்ணாக்கி, நெற்றித்தோலைத் திருப்பிக் கீழே கொணர்ந்து, அதன் விளிம்பைக் கீறிய இடத்திற் செருகினார். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை நீரிற் குழைத்துத் துணித்துண்டுகளில் தடவி, ஐந்தாறு துண்டுகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டினார். நான்கு நாள் கழித்து அவற்றை நீக்கி, நெய்யில் தோய்த்த துணியை வைத்தார். ஐந்தாறு நாள் நோயாளி மல்லாந்தே கிடத்தல் வேண்டும். பத்தாம் நாள் துளைகள் அடைபடாவண்ணம் மெல்லிய துணியைத் திணித்தார். ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள், கண்ணிடையே விட்டிருந்த துண்டை அறுத்துச் செம்மை செய்தார்.

"குயவனுக்குப் பல நாள் வேலை, தடிகாரனுக்கு ஒரு நாழிகை வேலை" என்பது பழமொழி. வாள் ஒரு நொடியிற் போக்கியதை நம்மவர் இருபத்தைந்து நாள் பொறுமையால் மீட்டனர்.

இவ்வகைச் சிகிச்சை நிகழ்வதைப் பம்பாய் இராஜதானியைச் சார்ந்த தாமஸ் குரூஸோ முதலிய இரண்டு ஆங்கில வைத்தியர் நேரிற் கண்டனர். நாட்டு வைத்தியம் என்று இகழாது, கண்டதைக் கண்டபடி உரைத்த அவர்தம் நேர்மை போற்றற்குரியது. 1794-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியர் காவஸ்ஜியின் உருவத்தைத் தீட்டினார். அவ்வாண்டு அக்டோபரில் இலண்டன் 'ஜென்டில்மன்ஸ் மாகஸீன்' பத்திரிகையில் இச்செய்தி படத்துடன் வெளியாயிற்று.

அதனைக் கண்ட கார்ப்யூ என்னும் இலண்டன் வைத்தியர் பல்லாண்டு ஆராய்ந்து, 1814-இல் இம்முறையைத் தாமே செய்து வென்றார். அவரிடம் வந்த இருவரும் படைத்தலைவர்களே. ஒருவர் 1811-இல் அல்புவேராப் போரில் வாள்வெட்டுண்டவர். 1816-இல் கார்ப்யூ அதனை நூலாக்கினார். முதல் உலகப்போரில் முகஞ்சிதைந்த போர்வீரர்க்கு ஹெரால்டு கில்லீஸ் என்பார் இங்கிலாந்திற் சிகிச்சை செய்தபோதும் நெற்றித்தோல் பயன்பட்டது. இன்றும் மூக்கை மீட்டமைக்க வைத்தியர் நெற்றித்தோலையே பெரிதும் நாடுகின்றனர். அதற்கு 'இந்திய முறை' என்ற பெயரும் வழங்குகின்றது.

இதுகேட்டு நாம் மகிழலாம், மிகைபடக் கூறலாகாது. அவர் சுசுருத சங்கிதையைக் கற்றுச் செய்தார் என்று சிலர் உரைப்பர். அந்நூல் கன்னத்துத் தோலைக் கொள்ளச் சொல்லுகின்றது. இவரோ நெற்றித்தோலைக் கொண்டார். ஆதலின் இது கைவழியாகத் தொடர்ந்த வித்தையெனக் கொள்ளுதலே பொருந்தும். மேலும், மயக்கமருந்து இல்லாத அக்காலத்தில் நோயாளி பட்ட வேதனையையும் மறத்தலாகாது. பழம்பெருமை பேசி ஆஸ்பத்திரிக்குச் செல்லாதிருத்தல் அறிவுடைமை ஆகாது.

எமது நெஞ்சை வருத்துவது வேறொன்று. எருதோட்டியின் பெயர் உளது. கண்ட வைத்தியர் பெயரும், வரைந்த ஓவியர் பெயரும் உள. மூக்கை வனைந்த கைக்குரியார் பெயர் மட்டும் அக்கடிதத்தில் இல்லை! எழுதியவர் கேட்டிலர், நம்மவரும் எழுதி வைத்திலர்.

இக்குறை அன்றோடு ஒழிந்ததோ? எம் பாட்டனார் எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டுவதில் வல்லவர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தோர், சர்க்கார் ஆஸ்பத்திரி மருந்தையும் உண்டு, எம் வீட்டுத் திண்ணையிலும் காத்திருந்ததை இளமையிற் கண்டுளோம். அவர் அரைத்த பச்சிலைகள் யாவை என்று எம்மைக் கேட்பின், விடை கூற அறியோம். தமிழ் கற்றுப் பிறர் எழுதியவற்றுக்கெல்லாம் உரை சொல்லும் யாம், எம் வீட்டு வித்தையை ஒரு தாளிற் குறித்தோமில்லை. அவரோடே அது போயிற்று.

ஆதலின், அன்பர்காள்! உங்கள் இல்லத்து முதியோரிடம் இத்தகைய அறிவு எஞ்சியிருப்பின், இன்றே கேட்டு, அவர்தம் பெயரோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். பயனுடையதோ அன்றோ என்பதைக் கற்ற வைத்தியர் ஆராயட்டும். எழுதி வைத்தல் நம் கடன்.