லாகிரியும் பிள்ளைகளும்

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் நான் பார்க்கிற தகப்பனார்கள் இரண்டு ரகம். பிள்ளையின் சட்டைப்பையில் சந்தேகமான மாத்திரை அட்டை ஒன்றைக் கண்டதும், குடி முழுகிப் போயிற்று என்று பெல்ட்டை உருவுகிறவர்கள் ஒரு ரகம். வயசுக் கோளாறு, தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டு பேருக்குமே சரித்திரத்தில் பதில் இருக்கிறது.

லாகிரி வஸ்து நமக்குப் புதிதல்ல. அழுகிற குழந்தையைத் தூங்கவைக்கத் துளி அபின் கொடுப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் தேசத்தில் பல வீடுகளில் வழக்கம். அதே அபின் வெள்ளைக்கார சர்க்காரின் கஜானாவையும் நிரப்பியது. 1893ல் அபினுக்கு ஒன்று, கஞ்சாவுக்கு ஒன்று என இரண்டு விசாரணைக் கமிஷன்கள் ஏற்பட்டன. மருந்தாக இருந்தது வருமானமாயிற்று, பிறகு பாவமாயிற்று, குற்றமாயிற்று. அடிமைப்பட்டவனை நோயாளி என்று எண்ணத்தான் வெகு காலம் பிடித்தது.

அப்படி எண்ணியவர்களில் ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980ல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றது அதுதான். நோயாளியோடு குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசினார்கள்.

நோய் என்றால் தீருமா? வியட்நாம் யுத்தத்துக்குப் போன அமெரிக்க வாலிபர்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் 1970களில் ஆராய்ந்தார். யுத்த பூமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவன் ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருந்தான். ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் அவர்களுள் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். பயமும் அலுப்பும் மலிவான சரக்கும் கூடிய இடத்தை விட்டதும், பழக்கமும் பெரும்பாலோரை விட்டது. ஆனால் நம் பிள்ளை எங்கே திரும்புவான்? அதே அறை, அதே சிநேகிதர்கள், தேறாத அதே பரீட்சை.

வயதும் பார்க்கவேண்டிய விஷயம். ஆசைக்குக் கடிவாளம் போடும் மூளைப் பகுதி முதிர 25 வயதாகிறது. 2018ல் எய்ம்ஸ் நிறுவனத்தார் தேசம் முழுவதும் எடுத்த கணக்கில், பெரியவர்களைவிடப் பிள்ளைகள் மிஞ்சியது ஒன்றே ஒன்றில்தான்: பசை, தின்னர் போன்றவற்றை முகர்வதில். பெரியவர்களில் நூற்றுக்கு 0.58, பிள்ளைகளில் 1.17. மலிவாக, பக்கத்துக் கடையிலேயே கிடைப்பதுதான் முக்கியக் காரணம்.

ஒரு தரம் ருசி பார்த்தவனெல்லாம் அடிமையல்ல. அதற்காக அலட்சியமும் கூடாது. முதல் தரம் தின்னரை முகர்ந்தே மாண்டவர்கள் உண்டு. தூக்கம், விளையாட்டு, பழைய சிநேகிதம் என்று பிள்ளையிடமிருந்து ஒவ்வொன்றாக உதிர்கிறதா என்று பாருங்கள். ஏன் என்று நிதானமாகக் கேளுங்கள். "சிநேகிதன் கொடுத்தான்" என்பது ஒரு பதில். "எதையோ மறக்கப் போட்டேன்" என்பது வேறு பதில். அதற்குத்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும்.

போலீஸுக்குப் பயந்து மறைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போதைப் பொருள்களுக்கான 1985ஆம் வருஷச் சட்டத்தில் 1989ல் 64ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ, சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ பிடிபட்ட அடிமை, தானே முன்வந்து சர்க்கார் அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் சிகிச்சையை முழுதும் பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவனைத் தண்டிக்க வழக்கு நடத்துவதில்லை என்கிறது அது. இதைத் தெரிந்துவைத்திருக்கும் தகப்பனார் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.