களமசேரியின் கம்பெனி ஆட்டக்காரர்கள்

நேரில் பார்த்த விளையாட்டு வீரர்களில் பெரியவர் யார் என்று களமசேரியில் கேட்டுப் பாருங்கள். பதிலை வைத்தே பதில் சொல்பவரின் வயதைக் கணித்துவிடலாம். கல்லூரிப் பிள்ளைகள் கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர் ஒருவரின் பெயரைச் சொல்வார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் டெண்டுல்கர் என்பார்கள், அல்லது ஐ.எம்.விஜயன் என்பார்கள். அறுபதைக் கடந்த எங்களைக் கேட்டால் ஒரே பதில்தான்: கேப்டன் மணி. கால்பந்து வீரர் டி.கே.எஸ்.மணி ஆடிய காலத்தில் இந்த ஊருக்குத் தொலைக்காட்சி வரவில்லை. அவர் ஆட்டத்தைப் பார்த்தேன் என்று சொல்பவர் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தவர்தான்; மற்றவர்கள் வானொலியில் கேட்டவர்கள், பேப்பரில் படித்தவர்கள். அந்த மணி ஓர் உரக் கம்பெனியில் சம்பளம் வாங்கிய மனிதர். களமசேரியின் விளையாட்டு வரலாறு அந்தச் சம்பளத்தில்தான் தொடங்குகிறது என்பது என் தீர்மானமான எண்ணம்.

பெரியாற்றின் தண்ணீரும் பள்ளிவாசல் நீர்மின் நிலையத்தின் மின்சாரமும் கிடைத்ததால் ஆலுவாவுக்கும் எர்ணாகுளத்துக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதி தொழிற்பேட்டை ஆனது. 1943-ல் திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்களின் முயற்சியில் ஃபாக்ட் என்ற உரத் தொழிற்சாலை ஏலூரில் பதிவானது; 1947-ல் உற்பத்தி தொடங்கியது. அந்த இடத்துக்கு உத்யோகமண்டல் என்றே பெயர் வந்தது. அறுபதுகளில் களமசேரிக்கு எச்.எம்.டி. வந்தது, பிரீமியர் டயர்ஸ் வந்தது. வேலை தேடி மலையாளிகள் மட்டும் வரவில்லை. தென்காசி, செங்கோட்டைப் பக்கமிருந்து மலை தாண்டி வந்த குடும்பங்களும் உண்டு. எங்கள் குடும்பம் அதில் ஒன்று. அப்பா டயர் கம்பெனியில் சேர்ந்தார். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பந்து பார்க்கப் போனால் இரண்டும் கலந்த கூச்சல் என்று வளர்ந்தோம்.

கம்பெனி டீம் எப்படி நடந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கத்தான் வேண்டியிருக்கிறது. நன்றாக ஆடும் பையனைக் கல்லூரி மைதானத்திலோ ஃபோர்ட் கொச்சி கிளப்பிலோ பார்த்துக் கூட்டிவந்து வேலை போட்டுக் கொடுப்பார்கள். பெயருக்கு வேலை அல்ல, நிரந்தர வேலை. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு டிப்பார்ட்மென்டில் இருக்க வேண்டும். பிற்பகலில் பயிற்சிக்கு விடுவார்கள். திருச்சூரில் சாக்கோளா கோப்பை, கோழிக்கோட்டில் நாக்ஜி என்று டோர்னமென்ட் வந்தால் டூட்டி லீவு. கால் உடைந்து ஆட்டம் முடிந்துபோனாலும் சம்பளம் நிற்காது, ஓய்வு பெறும் வரை வேலை உண்டு. மாதம் பிறந்தால் அரிசி வாங்கக் காசு இருக்கும் என்ற தைரியம் காலுக்கு வந்த பிறகுதான் கேரளத்தில் பெரிய ஆட்டம் பிறந்தது. ஃபாக்டில் எம்.கே.கே.நாயர் தலைமையில் இருந்த ஆண்டுகளில் கதகளிக்குக் கிடைத்த மரியாதை பந்துக்கும் கிடைத்தது. பிரீமியர் டயர்ஸ் அதற்குப் போட்டியாக ஒரு டீமை வளர்த்தது. இரண்டு கம்பெனிகளும் மோதும் நாளில் வேலைக்கு வந்தவர்களுக்கு மனசு வேலையில் இருக்காது.

எங்கள் தெருவில் டயர் கம்பெனி டீமின் டிபென்டர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். முந்தின நாள் ஆட்டம் இருந்தால், மறுநாள் காலை பொதுக்குழாயடியில் காற்சட்டையைத் தூக்கிவிட்டு முழங்காலைக் கழுவிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கத்து மண் வெட்டுக்கல் மண். விழுந்தால் சிவப்புச் சரளை தோலுக்குள் ஏறிவிடும். நகத்தால் ஒவ்வொரு பொடிக்கல்லாக எடுத்துப் போடுவார். பிறகு டெட்டால் நனைத்த பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி எங்களோடு பேசுவார். முதல் ஷிப்ட் சைரன் ஊதியதும் அதே முழங்காலோடு சைக்கிளில் ஏறிப் போவார். பெரிய ஆட்டக்காரன் என்றால் எனக்கு முதலில் தெரிந்த உருவம் அதுதான். சாயங்காலம் கைதட்டு வாங்குகிறவர் காலையில் எங்களோடு குழாயடியில் வரிசையில் நிற்பார்.

1973 டிசம்பரில், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி போட்டி எர்ணாகுளத்துக்கு வந்தது. மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் ஆட்டங்கள். கேரளம் மாநிலமாகிப் பதினேழு ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கோப்பையை வென்றதில்லை. வங்காளம், மைசூர், ஆந்திரம், ரயில்வே என்று மற்றவர்கள் மாறி மாறி எடுத்துப் போனார்கள். அந்த ஆண்டு கேரள அணியைப் பயிற்றுவித்தவர் ஒரு தமிழர்: 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இருந்த சைமன் சுந்தரராஜ். கேப்டன் ஃபாக்டின் மணி. துணை கேப்டன் ஃபோர்ட் கொச்சிக்காரர் டி.ஏ.ஜாபர், பிரீமியர் டயர்ஸின் பெயரோடு சேர்த்தே எங்கள் ஊர் நினைவில் வைத்திருக்கும் ஆட்டக்காரர். நஜிமுதீன், சி.சி.ஜேக்கப், சேவியர் பயஸ், விக்டர் மஞ்ஞில என்று அந்த அணியின் பெயர்களை இன்றும் என் வயதுக்காரர்கள் மூச்சு விடாமல் சொல்வார்கள்.

இறுதியாட்டம் டிசம்பர் 27. எதிரே ரயில்வே. அதுவும் வேலை கொடுத்து வளர்த்த அணிதான். நாடு முழுவதிலும் இருந்து பொறுக்கி எடுத்த கால்கள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கமுகுத் தடிகளைக் கயிறு போட்டுக் கட்டி எழுப்பிய கேலரியில், ஆள்மேல் ஆளாக உட்கார்ந்திருந்தோம். பந்து கேரளத்தின் காலுக்கு வந்தால் தடிகள் எல்லாம் ஒன்றாக முனகும்; அந்த அதிர்வு உட்கார்ந்த இடத்தில் தெரியும். கேரளம் 3, ரயில்வே 2. மூன்று கோலையும் அடித்தவர் மணி. இறுதியாட்டத்தில் கேப்டனே ஹாட்ரிக் அடித்துக் கோப்பையை முதல் தடவையாகத் தன் மாநிலத்துக்கு வாங்கித் தருவது எந்த ஊர் ரசிகனுக்கு வாய்க்கும்? மூன்றாவது கோலுக்குப் பிறகு அப்பா பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நம்ம ஆளு! கம்பெனிக்காரன்!" என்று தமிழில் கத்தினார். அந்த மனிதருக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, அவரும் கத்தினார். அப்பா வேலை செய்தது டயரில், மணி வேலை செய்தது உரத்தில். ஆனாலும் கம்பெனிக்காரன் என்ற ஒற்றைச் சொல்லில் இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

அந்த வெற்றிக்குப் பிறகு பெரிய ஆட்டங்கள் எர்ணாகுளத்தைத் தேடி வந்தன. 1977-ல் ஃபெடரேஷன் கோப்பை முதன்முதலாகத் தொடங்கியபோது அதை நடத்தியது இந்த ஊர்தான். பிரீமியர் டயர்ஸும் அதில் ஆடியது. கோப்பையை வென்றது பெங்களூர் ஐ.டி.ஐ., தொலைபேசிக் கருவி செய்யும் தொழிற்சாலையின் அணி. இறுதியில் அவர்களிடம் 1-0 என்று தோற்றது மோகன் பாகான். அதே 1977 செப்டம்பரில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியை ஈடன் கார்டனில் 2-2 என்று சமன் செய்த மோகன் பாகான்! பெலேயைப் பார்த்தேன் என்று கல்கத்தாக்காரர்கள் பெருமை பேசும்போது, பெலேயோடு சமமாக நின்ற அணியை ஒரு தொழிற்சாலை அணி வீழ்த்தியதைப் பார்த்த ஊர் எங்களுடையது என்று நாங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

பிறகு நேரு கோப்பை. 1983-ல் கொச்சியில் ஹங்கேரி சீனாவை 2-1 என்று வென்றது. 1985-ல் மறுபடி கொச்சியில், சோவியத் யூனியன் யூகோஸ்லாவியாவை அதே 2-1 கணக்கில் வென்றது. ஐரோப்பியர்கள் பந்தை நிறுத்தும் அழகை எங்கள் ஆட்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். காலில் பட்ட பந்து ஓர் அங்குலம்கூட விலகாமல் அங்கேயே நிற்கும். மறுநாள் கம்பெனி மைதானத்தில் பையன்கள் அதையே நூறு தடவை செய்து பார்த்தார்கள்.

ஆனால் அதற்குள் கம்பெனி டீம்களின் காலம் சாயத் தொடங்கிவிட்டது. ஆலைகளுக்கு நஷ்டம் வந்தபோது முதலில் வெட்டப்பட்டது விளையாட்டுச் செலவு. புதிதாக ஆட்டக்காரர்களை எடுக்கவில்லை, இருந்தவர்களுக்கு வயதானது. பிரீமியர் டயர்ஸ் ஆலை 1995-ல் அப்போலோ டயர்ஸின் குத்தகைக்குப் போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆள் நிறைந்து நின்ற மைதானங்களில் புல் முளைத்தது. அந்த இடத்தைக் கேரளத்தில் நிரப்பியது கேரள போலீஸ். அதுவும் வேலைதான், சீருடையும் சம்பளமும். வி.பி.சத்யன், பாப்பச்சன், ஷறப் அலி, குரிகேஷ் மாத்யூ என்ற தலைமுறை அங்கிருந்துதான் வந்தது. 1990-ல் திருச்சூரில் ஃபெடரேஷன் கோப்பையை வென்றார்கள். அதே திருச்சூர் ஸ்டேடியத்தில் சிறுவனாகச் சோடா விற்ற ஐ.எம்.விஜயனைப் பதின்வயதிலேயே வேலை கொடுத்து எடுத்துக்கொண்டதும் கேரள போலீஸ்தான். 1992-ல் கோயம்புத்தூரிலும் 1993-ல் கொச்சியிலும் கேரளம் சந்தோஷ் டிராபியை அடுத்தடுத்து வென்றபோது பயிற்சியாளர் யார் தெரியுமா? எங்கள் ஜாபர். கம்பெனி டீம் கலைந்தாலும் அது கற்றுக்கொடுத்தது கலையவில்லை.

1996-ல் கொச்சியின் கலூரில் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் திறந்தது. மறு ஆண்டே நேரு கோப்பை அங்கே நடந்தது. விஜயனும் புட்டியாவும் ஆடிய இந்தியா அரையிறுதியில் ஈராக்கோடு மோதிய நாளில் அந்த மூன்றடுக்குக் கட்டடம் முழுக்க மனிதத் தலைகள். தோற்றோம். ஆனால் விஜயனின் காலில் பந்து இருந்த நேரத்தில் அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பியதைப் பார்த்தவன் நான். எதிரே நிற்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துவிட்டு மறுபக்கம் போவார், அவசரமே இருக்காது.

1998 ஏப்ரல் 1-ம் தேதி அதே கலூரில் முதல் ஒருநாள் கிரிக்கெட். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அஜய் ஜடேஜா ஆட்டமிழக்காமல் 105 அடிக்க, இந்தியா 309. எல்லாரும் டெண்டுல்கர் மட்டை பிடிப்பதைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர் அன்று மட்டையால் பெரிதாக எதுவும் செய்யவில்லை. பந்து வீசி 32 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். ஸ்டீவ் வா, பெவன் உட்பட நடுவரிசையே சரிந்தது. 41 ரன்னில் வெற்றி. 2005 ஏப்ரல் 2-ம் தேதி பாகிஸ்தானுக்கு எதிராக சேவாக்கும் திராவிடும் சதம் அடித்த ஆட்டத்தில், மறுபடி டெண்டுல்கர் 50 ரன்னுக்கு 5 விக்கெட். அவர் ஆடிய ஒருநாள் போட்டிகள் 463. எடுத்த விக்கெட் 154. ஒரே ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்தது இரண்டே தடவை; இரண்டும் கலூரில். உலகம் மட்டையாளராகக் கொண்டாடுபவரின் மிகச்சிறந்த பந்துவீச்சை நேரில் பார்த்தவர்கள் கொச்சிக்காரர்கள் மட்டுமே. அதே டெண்டுல்கர் 2014-ல் கேரளா பிளாஸ்டர்ஸின் உரிமையாளர்களில் ஒருவராக அந்த மைதானத்துக்குத் திரும்பி வந்தபோது, ஊர் அவரைச் சொந்தக்காரரைப்போல வரவேற்றது.

2017 அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வந்தது. அக்டோபர் 3-ம் தேதி மெட்ரோ ரயில் மகாராஜாஸ் கல்லூரி வரை நீண்டது. நான்கு நாள் கழித்துக் கலூரில் பிரேசில் ஸ்பெயினை 2-1 என்று வென்றது. அன்று ஸ்பெயின் சட்டையில் ஓடிய ஃபெரான் டோரஸ் பிறகு பார்சிலோனாவுக்கு ஆடியதைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பையன்கள், "இவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்" என்று இனி காலத்துக்கும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தப் பெருமை நியாயமானது.

களமசேரியில் மெட்ரோ ஏறினால் கலூர் ஸ்டேடியம் வருகிறது, இன்னும் சில நிறுத்தம் போனால் மகாராஜாஸ் மைதானம். ஒரே தண்டவாளத்தில் என் ஊரின் விளையாட்டு வரலாறு முழுவதும் இருக்கிறது. புதிய மைதானம் வெளியூரின் பெரியவர்களை நம் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தது. பழைய மைதானமும் கம்பெனி கேட்டும் நம்மிடையே இருந்தவர்களைப் பெரியவர்கள் ஆக்கின. இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டாவது நடந்தால்தான் ஓர் ஊருக்கு விளையாட்டு சொந்தம் ஆகும். 2018-ல் கல்கத்தாவில் வங்காளத்தை வீழ்த்திச் சந்தோஷ் டிராபியை வென்ற கேரள அணியில் ஸ்டேட் வங்கியின் ஊழியர்கள் ஆடினார்கள். சம்பளம் தருகிற இடம் இருந்தால் ஆட்டக்காரன் வருவான் என்பது இன்றும் மாறவில்லை.

மணி 2017-ல் காலமானார். ஜாபர் 2023-ல் போய்விட்டார். அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறோம். ஃபாக்ட், பிரீமியர் டயர்ஸ் அணிகளின் படங்களும் ஆட்டப் பதிவுகளும் பழைய ஊழியர்களின் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்து களமசேரியில் ஒரு கூடம் அமைக்க நகராட்சியும் இங்குள்ள கம்பெனிகளும் முன்வர வேண்டும். அதோடு, ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கு இரண்டு ஆட்டக்காரர்களுக்காவது நிரந்தர வேலை கொடுக்க வேண்டும். என் பேரன் அறுபது வயதில் நேரில் பார்த்த பெரியவர் யார் என்று கேட்கப்படும்போது, பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்ல அவனுக்கும் உரிமை உண்டு.