கடைசியாக எழுதப்பட்ட முதற்கதை

ஐசாக் அசிமோவின் 'பவுண்டேஷன்' வரிசையை வாசிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் சண்டை பிடிப்பது, எந்தப் புத்தகத்தில தொடங்குறது எண்டதில்தான். கதை நடக்கும் கால ஒழுங்கிலா, புத்தகங்கள் வெளிவந்த ஒழுங்கிலா? எங்கட வாசிப்பு வட்டத்திலயும் அதே சண்டை. கதைச்சுக் களைச்சு, 1951 இல் வந்த 'பவுண்டேஷன்' புத்தகத்தின் முதற்கதையில் தொடங்குவம் எண்டு முடிவெடுத்தோம். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடம் அதுதான் என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது: முதல் மூன்று புத்தகங்களிலும் உள்ள ஒன்பது கதைகளில் கடைசியாக எழுதப்பட்டது அந்த முதற்கதைதான்.

நடந்தது இதுதான். 1941 ஓகஸ்ட் 1. அசிமோவ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பட்டமேற்படிப்பு மாணவர். வயது 21, கிட்டத்தட்ட எங்கட வயது. 'அஸ்டவுண்டிங்' இதழின் ஆசிரியர் ஜோன் கெம்பலைச் சந்திக்க நியூயோர்க் சுரங்க ரயிலில் போகிறார். கையில் கதை எதுவும் இல்லை. மடியில் இருந்த இசை நாடகப் புத்தகத்தைக் கண்டபடி விரிக்கிறார். ஒரு படத்தில் சிப்பாய் ஒருவன். சிப்பாயிலிருந்து இராணுவம், இராணுவத்திலிருந்து பேரரசு என்று யோசனை ஓடுகிறது. ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றி எட்வர்ட் கிப்பன் எழுதிய பெரிய வரலாற்றை அவர் ஏற்கெனவே இரண்டு தரம் வாசித்தவர். அதையே விண்மீன் மண்டலம் முழுக்கப் பரப்பினால் என்ன?

கெம்பலுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. ஒரு கதை போதாது, வரிசையாக எழுது, எதிர்கால வரலாற்றுக்கு ஒரு திட்ட வரைபை முதலில் போடு என்றார். அசிமோவ் வீட்டுக்குப் போய் வரைபு போடத் தொடங்கினார். அது நீண்டுகொண்டே போனது, கேவலமாகவும் ஆனது. கடைசியில் கிழித்து எறிந்துவிட்டு, ஒரு கதையை மட்டும் எழுதினார்.

வரிசையின் மையம் என்ன என்று தெரிந்தால்தான் இதன் வேடிக்கை விளங்கும். ஹரி செல்டன் ஒரு கணிதவியலாளர். அவர் உருவாக்கிய சைக்கோஹிஸ்டரி, தனிமனிதனைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனால் கோடானுகோடிப் பேர் கூட்டமாக எந்தப் பக்கம் போவார்கள் என்று கணித்துச் சொல்லும். பன்னிரண்டாயிரம் ஆண்டு பழைய பேரரசு விழத்தான் போகிறது. தடுக்க முடியாது. சும்மா விட்டால் 30,000 ஆண்டு இருட்டு. செல்டனின் திட்டப்படி நடந்தால் அதை 1,000 ஆண்டாகக் குறைக்கலாம். அந்தத் திட்டத்துக்காக, மண்டலத்தின் விளிம்பிலுள்ள டேர்மினஸ் என்ற கிரகத்தில் ஒரு குடியேற்றம். ஒவ்வொரு நெருக்கடியிலும் செத்துப்போன செல்டனின் பதிவு உருவம் தோன்றி, இது எனக்கு முன்னமே தெரியும் என்ற பாணியில் பேசும்.

எல்லாம் முன்னமே கணிக்கப்பட்ட இந்த உலகத்தை எழுதியவரிடம் கணிப்பு எதுவும் இருக்கவில்லை. முதற்கதையைத் தொங்கலில் முடித்தார், கெம்பல் அடுத்ததைக் கட்டாயம் வாங்கட்டும் எண்டு. அடுத்ததைத் தொடங்கி இடையில் நின்றுவிட்டார். புரூக்ளின் பாலத்தில் வைத்து நண்பர் பிரெடரிக் போல் சொன்ன யோசனையால்தான் அது நகர்ந்தது. 1942 மே, ஜூன் இதழ்களில் இரண்டும் வந்தன. பிறகு 1945 இல், செல்டனின் திட்டத்தை உடை என்று கெம்பல் வற்புறுத்தினார். அசிமோவ் திடுக்கிட்டார், பிறகு உடைத்தார். 'மியூல்' என்ற மறக்கமுடியாத பாத்திரம் வந்தது அப்படித்தான். கடைசிக் கதை 1950 ஜனவரி இதழில் முடிந்தது. எட்டுக் கதைகள், எல்லாம் தட்டுத்தடுமாறி வந்தவை.

இதற்குப் பிறகு 'நோம் பிரஸ்' என்ற சின்னப் பதிப்பகம் இவற்றைப் புத்தகங்களாகப் போட முன்வந்தது. தொடக்கம் மிகத் திடீரென்று இருக்கிறது, முன்னால் ஏதாவது வேண்டும் என்று கேட்டது. அதற்காக எழுதப்பட்ட முன்கதைதான் 'சைக்கோஹிஸ்டோரியன்கள்'.

கிராமத்துப் பெடியன் மாதிரி டோர்னிக் என்ற இளம் கணிதவியலாளர் தலைநகர்க் கிரகமான ட்ரான்டருக்கு வந்திறங்குகிறார். கிரகம் முழுக்க ஒரே நகரம், 4,000 கோடிக்கு மேல் சனம். வானம் பார்க்க வேண்டுமென்றால் கோபுரம் ஏறவேண்டும். அவர் செல்டனைச் சந்திக்கிறார், அடுத்த நாளே கைது. பிறகு விசாரணை. பேரரசு விழும் என்று சொல்வது விசுவாசமின்மை இல்லையா என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டவர் விடை சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் விடையே குற்றமாகிவிடுகிறது.

விசாரிக்கும் சபையின் பெயர் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பொதுப்பாதுகாப்புக் குழுவை ஞாபகப்படுத்தும். அதைவிட எழுதப்பட்ட காலம் முக்கியம். 1947 இல் ஹொலிவூட் எழுத்தாளர்கள் விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார்கள். 1950 இல் செனட்டர் மக்கார்த்தியின் வேட்டை தொடங்கியது. அசிமோவ் அதை நினைத்துத்தான் எழுதினார் என்று எங்களிடம் ஆதாரம் இல்லை. ஆனால் 1942 கதையின் அரசியல்வாதிகள் சமாளிப்புக்காரர்கள். 1951 கதையில் உளவாளி இருக்கிறான், ஒட்டுக்கேட்பு இருக்கிறது. ஒன்பது வருடத்தில் காற்று மாறியிருக்கிறது.

தீர்ப்பு: சாவு அல்லது டேர்மினஸுக்கு நாடுகடத்தல். செல்டன் பணிந்து ஏற்கிறார். பிறகுதான் டோர்னிக்கிடம் உண்மையைச் சொல்கிறார். இந்த நாடுகடத்தலையே அவர்தான் முன்கூட்டித் திட்டமிட்டிருந்தார். போகிறவர்கள் குடும்பங்களோடு ஒரு இலட்சம் பேர் அளவில். தாங்கள் கலைக்களஞ்சியம் எழுதப் போவதாக நம்பிப் போகிறார்கள். அது வெறும் சாட்டு என்பது அவர்களின் பிள்ளைகளுக்கு 50 வருடம் கழித்துத்தான் தெரியும்.

இந்த இடத்தில் எங்கட வட்டம் இரண்டாகப் பிரிந்தது. எவ்வளவு கெட்டித்தனம் என்று ஒரு பக்கம். மற்றப் பக்கத்துக்கு அந்த ஒரு இலட்சம் பேரை மறக்க முடியவில்லை. இடம்பெயர்ந்த கதை இல்லாத வீடு எங்களுக்குள் குறைவு. உங்கட நன்மைக்குத்தான் எண்டு கேக்காமலே கொண்டுபோய் விடப்பட்ட சனத்தை, வெறும் கணக்காக வாசிக்க எங்களால் ஏலாது. 1942 கதையில் டேர்மினஸ் ஏற்கெனவே இருக்கிற ஊர். எப்படி வந்தது எண்டு நாங்கள் கேட்கவே மாட்டோம். முன்கதை வந்து கேட்கவைத்துவிட்டது.

முன்கதை இன்னொன்றும் செய்தது. ரயிலில் வந்த யோசனை, கிழித்த வரைபு, பாலத்தில் கிடைத்த உதவி எல்லாம் அதன் பின்னால் மறைந்தன. புதிதாக வாசிப்பவருக்கு எட்டுக் கதைகளும் ஒரு பெரிய மூளையின் ஒரே திட்டமாகத் தெரியும். வரலாறு படிக்கிற எங்களுக்கு இது புதிதில்லை. இராச்சியங்களின் தொடக்கக் கதைகளில் பல, அந்த இராச்சியம் நிலைத்த பிறகு எழுதப்பட்டவை. தொடக்கத்திலேயே எல்லாம் விதிக்கப்பட்டிருந்ததாக அவை சொல்லும்.

ஆனால் அசிமோவ் அதோடு நிற்கவில்லை. 1980களில் வரிசையை முன்னால் நீட்டி, ஒரு கட்டத்தில் வழி தெரியாமல், மறுபடி பின்னால் திரும்பினார். 1988 இல் வந்த 'பிரெலூட் டு பவுண்டேஷன்' நாவலில் இளம் செல்டனிடம் கோட்பாடு மட்டும் இருக்கிறது, வரலாறே தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க டோர்ஸ் என்ற வரலாற்று ஆசிரியை வருகிறார். 1951 கதையில் ஒரு பெண் பாத்திரமும் இல்லை, பெண்கள் மனைவிகள் என்ற எண்ணிக்கை மட்டும்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இது பெரிய தூரம். (டோர்ஸ் உண்மையில் யார் எண்டதைச் சொல்லமாட்டோம்.)

அதன்பின் வந்தவை நான்கு குறுநாவல்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து வருடம் அளவில் ஓடும். சில இதழில் முதலில் வந்தன, எல்லாம் சேர்ந்து 1993 இல் 'ஃபோர்வேர்ட் த பவுண்டேஷன்' என்ற புத்தகமாகின. இங்கே செல்டன் எல்லாம் தெரிந்த பதிவு உருவம் இல்லை. கால் நோகிற, காசுக்கு அலைகிற கிழவர். மனைவி, நண்பர், மகன் என்று ஒவ்வொருவராக இழக்கிறார். திட்டம் பல தடவை கைவிட்டுப் போகப் பார்க்கிறது. கடைசியில் சமன்பாடுகளின் நடுவில், மேசையில் சாய்ந்தபடி இறந்துகிடக்கிறார்.

அசிமோவ் இதை எழுதியது நோயோடு. 1992 ஏப்ரல் 6 இல் இறந்தார், புத்தகத்தைக் காணவில்லை.

எங்கட வட்டத்தில் கால ஒழுங்குக்காரி ஒருத்தி இருக்கிறா. அடுத்த மாதம் தான் இந்தக் குறுநாவல்களில் தொடங்கி 1951 கதைக்கு வரப்போறாவாம். மேசையில் சாய்ந்து கிடந்த கிழவரைப் பார்த்துவிட்டு வந்தால், விசாரணைக் கூண்டில் நிற்கிற அந்த அசையாத மனிதர் எப்படித் தெரிவார் எண்டு வந்து சொல்லட்டும். நாங்கள் அந்த வழியால் இனி வாசிக்க ஏலாது.