உலகச் செய்தியும் உழைப்பாளர் இயக்கமும்

பொதுவுடைமைக் கொள்கை மாஸ்கோ நகரிலிருந்து மூட்டையாகக் கட்டித் தமிழகத்திற்கு அனுப்பப்பட்டது என்பார் உளர். அது பண்டே நம் புலவர்களிடம் முழுமையாக இருந்தது என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் வரலாற்றோடு பொருந்துவன அல்ல. ஆலையிலும் இரயில் பட்டறையிலும் சுரங்கத்திலும் உழைத்த தமிழர், தம் கூலி ஏன் குறைகிறது, தம் வேலை ஏன் போகிறது என்று கேட்கத் தலைப்பட்டபோது, விடையின் ஒரு பாதி இலண்டனிலும் நியூயார்க்கிலும் இருப்பதைக் கண்டனர். அக்கேள்வியிலிருந்து பிறந்ததே இங்குள்ள இடதுசாரி இயக்கம். உலக நிகழ்ச்சிகளைத் தன் தொழிற்களத்தில் நின்று படித்தபோதெல்லாம் அது வலுப்பெற்றது. பிறர் படித்துச் சொன்னதை அப்படியே ஏற்றபோதெல்லாம் இடர்ப்பட்டது. இதுவே யான் இங்குக் கூற விழைவது.

இவ்வரலாற்றின் முதல்வர் ம. சிங்காரவேலர். 1860-ஆம் ஆண்டு சென்னையில் மீனவர் குடியிற் பிறந்தவர், வழக்கறிஞர், பௌத்த நெறியில் ஈடுபாடு கொண்டவர். ஒத்துழையாமை இயக்க நாளில் வழக்கறிஞர் அங்கியைத் துறந்தார். 1922-ஆம் ஆண்டு டிசம்பரில் கயாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், தாம் ஒரு பொதுவுடைமையாளர் என்பதை மறையாது அறிவித்துப் பேசினார். கான்பூர்ச் சதி வழக்கும் மீரத்துச் சதி வழக்கும் அப்போது பிறக்கவில்லை. எனினும் அச்சொல்லைப் பொது மேடையில் சொல்வதற்கு அந்நாளில் பெருந்துணிவு வேண்டும். 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று, உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இரு கூட்டங்கள் கூட்டி, இந்திய மண்ணில் முதல் மே நாளைக் கொண்டாடினார். 1886-இல் சிக்காகோ நகரத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைக்காகக் குருதி சிந்தியதன் நினைவு நாள் அது. 1925-ஆம் ஆண்டு டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் பொதுவுடைமையர் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

ஆனால் சென்னைத் தொழிலாளர் இயக்கம் கடற்கரை மேடையில் மட்டும் வளரவில்லை. 1918-ஆம் ஆண்டு ஏப்ரலில் பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் பிறரும் சேர்ந்து அமைத்த சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921-இல் பின்னி ஆலைகளின் நெடிய வேலைநிறுத்தத்தில் கடுஞ்சோதனைக்கு ஆளாயிற்று. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வேலைநிறுத்தத்தில் நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலும் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. ஒரே தறிக்கூடத்தில் ஒரே கூலிக்கு உழைத்தோர் ஒரே வர்க்கம் என்று நூல் சொல்லிற்று. சேரியும் தெருவும் வேறு சொல்லின. இதனைத் துரோகம் என்று எழுதி முடித்துவிடுவது எளிது. சங்கத்தில் தமக்குச் சம இடம் உண்டு என்ற நம்பிக்கையை அம்மக்களுக்கு ஊட்டாமலே வேலைநிறுத்தத்தில் மட்டும் சமமாகப் பட்டினி கிடக்கச் சொன்னது எவ்வாறு பொருந்தும் என்று கேட்பதே நேர்மை. பின்னாளில் சிங்காரவேலர் சுயமரியாதை இயக்கத்தோடு கைகோத்ததன் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

1928-ஆம் ஆண்டு ஜூலையில் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தம் மூண்டது. நாகப்பட்டினம் முதலிய இடங்களின் பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்றுசேர்ப்பது, ஆட்குறைப்புச் செய்வது, தொழிலாளருக்குத் திறமைத் தேர்வு வைப்பது என்பன நிருவாகத்தின் திட்டம். அறுபத்தெட்டு வயதுச் சிங்காரவேலர் களத்தில் இறங்கினார். அவருக்கும் வங்கத்து முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர்த் தண்டனை குறைக்கப்பட்டு 1930-இல் அவர் வெளிவந்தார்.

அவர் வெளிவந்தபோது உலகமே மாறியிருந்தது. 1929-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்குப் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து தஞ்சையில் நெல் விலை சரிந்தது. நியூயார்க்கு எங்கே, தஞ்சை எங்கே என்று உழவன் வியந்திருப்பான். நிலவரியோ குறையவில்லை, கடனுக்கு வட்டியும் குறையவில்லை. கடல் கடந்த பர்மாவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். நெல் விலை வீழ்ந்ததும் பர்மிய உழவர் கடன் கட்ட இயலாது நிலத்தை இழந்தனர். கீழைப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கைக்கு வந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் நூற்றுக்கு 25 பங்கு. செட்டியார்கள் அந்நிலத்தை விரும்பி வாங்கினார்கள் அல்லர். அவர்களுக்கு வேண்டியிருந்தது பணமே. ஆயினும் பர்மியரின் சினம் தமிழர்மீது பாய்ந்தது. வீழ்ந்த விலை ஓர் இனத்தாரைப் பிறிதோர் இனத்தாருக்குப் பகைவராக்கிய விந்தை இது.

1931-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. பவுனோடு பிணைக்கப்பட்டிருந்த ரூபாயும் அதனுடன் இறங்கிற்று. தங்கத்தின் ரூபாய் விலை ஏறிற்று. கடனில் மூழ்கிய குடும்பங்கள் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றி விற்றன. கப்பல் கப்பலாக இந்தியத் தங்கம் இலண்டனுக்குச் சென்றது. அரசினர் இதனை மக்கள் ஆதாயம் கண்டு விற்ற வாணிகம் என்றனர். அடுப்பில் உலை ஏற்றுவதற்கு மூக்குத்தியை விற்றவளுக்கு அது எவ்வகை ஆதாயமோ!

அடுத்த மாதமே, 1931 அக்டோபரில், மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய பொதுவுடைமை அறிக்கை 'குடி அரசு' இதழில் தமிழில் வெளிவரத் தொடங்கிற்று. பெரியார் ஈ. வெ. ரா. அவ்வாண்டு இறுதியில் மேல்நாட்டுப் பயணம் புறப்பட்டு, 1932-இல் சோவியத் நாட்டைக் கண்டு, நவம்பரில் திரும்பினார். டிசம்பர் இறுதியில் ஈரோட்டில் கூடிய கூட்டத்தில் சிங்காரவேலரின் துணையுடன் சமதர்மத் திட்டம் வகுக்கப்பட்டது. இரயில்வேயும் வங்கியும் நிலமும் பொதுவாதல், உழவர் தொழிலாளர் கடன்களைத் தள்ளுதல், ஏழு மணி நேர வேலை, சுதேச சமஸ்தானங்களையும் உள்ளடக்கிய கூட்டாட்சி ஆகியன அதன் கூறுகள். கடன் தள்ளுபடி ஏன் அதில் இடம் பெற்றது என்பதற்கு மேலே கூறிய மூக்குத்தியே விளக்கம். 1934-இல் அரசு பொதுவுடைமைக் கட்சியைத் தடை செய்தது. அடக்குமுறை பெருகவே பெரியார் சமதர்மப் பிரச்சாரத்தைத் தளர்த்திச் சமுதாயச் சீர்திருத்தத்தை முன்னிறுத்தினார். சிங்காரவேலரும் ஜீவானந்தமும் விலகிச் சென்றனர். 1935-இல் சிங்காரவேலர் 'புது உலகம்' என்னும் இதழைத் தொடங்கினார்.

இனி நம் அண்டைக்கு வருவோம். சந்தாபுரத்திலிருந்து கிழக்கே ஒரு பகற்பொழுதிற்குள் சென்று மீளத்தக்க தொலைவில் உள்ளது கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் கம்பெனியார் தோண்டிய அச்சுரங்கங்களில் இறங்கியோர் பெரும்பாலும் வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த ஆதிதிராவிடத் தமிழர். அங்கே சங்கக் கொடிக்கு முன்னமே சங்கச் சிந்தனை இருந்தது. அது பௌத்த சங்கம். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின்னர், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சென்னைப் பின்னி ஆலை கற்காது விட்ட பாடத்தை இம்மக்கள் பாறைக்கு அடியில் கற்றனர். 1930-ஆம் ஆண்டு ஏப்ரலில், தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். கைரேகை குற்றவாளியிடம் எடுப்பது. நாங்கள் குற்றவாளிகளா என்பதே அவர் வழக்கு. கூலி உயர்வுக்கு அன்று, மானத்திற்காக நடந்த போர் அது. 1946-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் போலீசார் சுட்டதில் அறுவர் மாண்டனர். அந்நாள் இன்றும் அங்கு நினைவு நாள்.

உலகச் செய்தியைப் பிறர் கண் கொண்டு படித்த இடங்களையும் சொல்லாது விடலாகாது. 1939-இல் போர் மூண்டபோது பொதுவுடைமையர் அதனை ஏகாதிபத்தியப் போர் என்று எதிர்த்துச் சிறை சென்றனர். 1941 ஜூனில் இட்லர் சோவியத் நாட்டின்மீது பாய்ந்தான். ஆண்டு முடிவதற்குள் அதே போர் மக்கள் போர் ஆயிற்று. பாசிசம் மனித குலத்தின் பகை என்ற கணிப்பில் பிழை இல்லை. ஆனால் 1942 ஆகஸ்டில் நாடே கொந்தளித்தபோது விலகி நின்றதன் விலையைக் கட்சி பல்லாண்டு செலுத்திற்று. 1962-இல் சீன எல்லைப் போர். 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளியேறினர். அவ்வாண்டே கட்சி இரண்டாயிற்று. வெளியேறியவருள் பி. இராமமூர்த்தியும் என். சங்கரய்யாவும் இருந்தனர்; சங்கரய்யா 2023-இல்தான் மறைந்தார். பிளவுக்கு உள்நாட்டுக் காரணங்களும் இருந்தன. ஆயினும் மாஸ்கோ, பீக்கிங் என்னும் இரு சொற்கள் பொன்மலைப் பட்டறைத் தோழர்களையும் இரு அணியாக்கியதில், அப்பட்டறையின் தேவை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

தங்கவயல் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாகி, 1962-இல் மைய அரசிடம் சென்றது. பொதுவுடைமையர் கேட்டது ஒருவகையில் கிடைத்தது. ஆனால் சுரங்கம் ஆழ ஆழச் செலவு ஏறிற்று. கல்லில் பொன் குறைந்தது. உலகச் சந்தையிலோ தங்கம் மலிந்து கிடந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் தங்கத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளோ விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவு திரும்புகின்றனர்.